சேம்சைட் ராசாவும் என் கோலும்

திருகோணமலையில் நான் ஒரு கோல் போட்டிருக்கிறேன். குமரி மாவட்டக் கடலோரத்தில் என்னைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். என்னைத் தெரியாதவர்களுக்கும் தெரியும், நானே போய்ச் சொல்லியிருப்பேன். படகு இன்ஜினுக்குச் சாமான் வாங்க என் கடைக்கு வருகிறவன் அந்தக் கதையைக் கேட்காமல் வெளியே போக முடியாது. "போல்ட்டைத் தாங்க அண்ணாச்சி, கோலை நாளைக்கு வந்து கேக்கேன்" என்று கெஞ்சியவர்கள்கூட உண்டு.

நாற்பது வருஷத்துக்கும் முந்தைய சங்கதி. சண்டையெல்லாம் தொடங்குவதற்கு முன்னால், ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். எங்கள் பங்குச் சாமியாருக்குத் திருகோணமலையில் ஒரு சிநேகிதர் இருந்தார். இரண்டு பேரும் கடிதத்திலேயே பேசி முடித்து எங்கள் ஊர் டீமை ஒரு நட்பு ஆட்டத்துக்கு அனுப்பிவைத்தார்கள். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். அந்த ஒன்று என்னுடையது. ஆட்டம் முடிந்ததும் எங்களுக்குப் பெரிய விருந்து. கோல் போட்டவனுக்குச் செய்கிற மரியாதை என்று நானும் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து ஒரு கை பார்த்தேன்.

இப்போது அந்த மைதானத்துச் சுற்றுமதிலில், ஊர் மறக்காத ஆட்டங்களைப் படமாக வரைகிறார்களாம். கிளப் செயலாளர் போன் பண்ணினார். "உங்கட மட்ச்சும் இருக்கு. அதில விளையாடின ஆள் நீங்கள். கட்டாயம் வரவேணும்." கட்டாயப்படுத்த வேண்டிய ஆளா நான்? அன்றைக்கே பெட்டியை எடுத்துத் துடைத்தேன். என் மனைவி மேரி தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த வயசுல கடல் தாண்டிப் போறது ஒரு பந்துக்காக. வெளிய சொல்லிராதீங்க." நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

போய் இறங்கிய அன்று காலையில் ஓர் ஆட்டோவில் ஏறினேன். அவர்கள் ஓட்டோ என்கிறார்கள். கோட்டைப் பக்கம் திரும்பினால் நடுரோட்டில் ஒரு மான் படுத்திருக்கிறது. நிஜ மான், புள்ளி போட்டது. எங்கள் ஊரில் மாடு படுத்திருந்தால் ஹார்ன் அடித்தே அதற்குக் கிறுக்குப் பிடிக்கவைத்துவிடுவோம். இந்த டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "கொஞ்சம் பொறுங்கோ ஐயா, அவ எழும்பட்டும்."

அவள் எழும்புகிற வழியாக இல்லை. சும்மா இருப்பானேன் என்று என் கோலைச் சொல்ல ஆரம்பித்தேன். இடது காலால் அடித்தது, காற்றைக் கிழித்தது, வலை குலுங்கியது, எல்லாம் சொன்னேன். டிரைவர் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"ஐயா, நீங்கள் சொல்லுற மட்ச்சில விழுந்தது சேம்சைட் கோல் எல்லே?"

சேம்சைட் என்றால் தன்னுடைய கோலுக்குள் தானே பந்தை அடித்துவிடுவது. எனக்குச் சுரீர் என்றது. "யார் சொன்னது?"

"ஊரே சொல்லும். சேம்சைட் ராசா அண்ணையின்ர கோல். அவர் அதுக்குப் பிறகு போட்ட கடையிலதான் நான் தினமும் சாப்பிடுறனான்."

"வண்டியை அங்கே விடும்" என்றேன். மானுக்கும் என் குரல் கேட்டிருக்க வேண்டும், எழுந்து போய்விட்டது.

கடை துறைமுகத்தைப் பார்த்த ஒரு சந்தில் இருந்தது. 'சேம்சைட் ராசா சாப்பாட்டுக் கடை' என்று பெயர்ப்பலகை, பக்கத்தில் ஒரு பந்தின் படம். எனக்கு வந்த கோபத்தில் பலகையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோயிருப்பேன். உள்ளே வழுக்கைத் தலையும் தொந்தியுமாக, சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் இடியப்பத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் இந்தியாவிலிருந்து வருகிறேன். உங்கள் ஊரில் கோல் போட்டவன்" என்றேன், வாசலில் நின்றபடியே.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இடக்கால்காரன்? சேவியர்?"

"ஆமா."

கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். மூச்சு முட்டிவிட்டது. "வாங்கோ, வாங்கோ! அண்டைக்குப் பந்தை அடிச்சது நீங்கள். கோலைப் போட்டது நான்!"

கதிரையில் என்னை உட்காரவைத்து இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், கணவாய்க் கறி என்று வரிசையாகக் கொண்டுவந்து வைத்தார். நம் ஊரில் இடியாப்பத்துக்குச் சீனியும் தேங்காய்ப்பாலும் ஊற்றிக் குழந்தைச் சாப்பாடாக்கிவிடுகிறோம். இங்கே அது ஆண்பிள்ளைச் சாப்பாடு. கணவாய் வெண்ணெய் மாதிரி வெந்திருந்தது. சண்டைக்காரன் வீட்டுச் சாப்பாடு இத்தனை ருசியாக இருக்கக் கூடாது.

"பந்து நேரா கோலுக்குத்தான் போச்சு. நீங்கள் குறுக்கே வந்து தலையைக் கொடுத்தீர்கள். கொடுக்காவிட்டாலும் கோல்தான்" என்றேன், வாயில் கணவாயோடு.

"ஐசே, அண்டைக்குக் கச்சான் அடிச்சது. கரையில இருந்து கடலுக்கு அடிக்கிற காத்து. உங்கட பந்து கோலுக்குப் போகேல்லை, கடலுக்குப் போனது. நான் தலையைக் குடுக்காட்டி அது இப்ப பர்மாவில நிண்டிருக்கும்."

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. "அப்படியென்றால் கோல் போட்டவன் என்று எனக்கு ஏன் விருந்து வைத்தீர்கள்?"

ராசா கறிக் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஐயோ, நாப்பது வருசமா அப்பிடியே நினைச்சுக்கொண்டிருக்கிறீங்கள்? அது உங்களுக்கு வைச்ச விருந்தில்லை. எங்கட கிறவுண்டில ஒரு வழக்கம். ஆர் சேம்சைட் போட்டாலும் வெண்ட டீமுக்கு அவர்தான் சாப்பாடு போடவேணும். அது என்ர தண்டனை. என்ர அம்மாவும் நானும் குசினியில நிண்டு சமைச்சம். எல்லாரும் ருசி ருசி எண்டு சொல்ல, அதைப் பிடிச்சுக்கொண்டு கடை போட்டனான்."

எனக்குக் காது சிவந்துவிட்டது. எத்தனை வருஷம், எத்தனை பேரிடம் அந்த விருந்தைப் பற்றி அளந்திருப்பேன்!

"வழக்கத்தில இன்னொண்டும் இருக்கு" என்றார் ராசா, என் தட்டில் இன்னொரு கரண்டி கறியை ஊற்றியபடி. "சாப்பிட்டால் கோலை ஒத்துக்கொண்ட மாதிரி. பிறகு அதைப் பற்றிக் கதைக்க ஏலாது. சாப்பிட்டனீங்கள்தானே?"

"வழக்கம் தெரியாமல் சாப்பிட்டது செல்லாது" என்றேன். "நான் மதிலைப் பார்க்க வேண்டும்."

மறுநாள் மதிலைக் காட்டினார்கள். கச்சான் இப்போதும் அடித்தது. வாயைத் திறந்தால் புழுதி போய் உட்கார்ந்துகொள்கிறது, அப்படியும் நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். குறிஞ்சாக்கேணியிலிருந்து வருகிற றிஸ்வானா என்ற சித்திரப் பாட டீச்சர் வரைந்துகொண்டிருந்தார். கெட்டிக்காரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஆட்டம்.

ஒன்றில் கடலுக்குப் போன பந்தை மீன்பிடி வள்ளம் ஒன்று திருப்பிக் கொண்டுவருகிறது, இருபத்திரண்டு பேரும் இடுப்பில் கை வைத்துக் கரையில் காத்திருக்கிறார்கள். இன்னொன்றில் இலங்கைத்துறையிலிருந்து வந்த டீம் இடைவேளையில் கோல் வலையின் கிழிசலைக் குந்தியிருந்து தைக்கிறது. பந்து கிழிசல் வழியே வெளியே போய்க் கோல் இல்லை என்றாகிவிட்டதாம். சும்மா இருப்பார்களா மீன்காரர்கள்? சுனாமிக்குப் பிறகு நடந்த முதல் ஆட்டமும் இருந்தது. கோல் கம்பத்துக்குப் பதில் உடைந்த வள்ளத்தின் பலகைகளை நட்டிருந்தார்கள். அதன் முன்னால் நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

எங்கள் ஆட்டம் கடைசிக் கட்டம். கரிக்கோடுதான் போட்டிருந்தது. நடுவில் ராசா தலையால் இடிக்கிறார், அவருக்குப் பின்னால் கோல்கீப்பர் நம்மைப் பார்த்தபடி நிற்கிறார், முகம் இன்னும் வரையவில்லை. ஓரத்தில் ஒரு கால் மட்டும் தெரிந்தது.

"இது யார் கால், டீச்சர்?"

"உங்கட கால்தான், சேர்."

"கடல் தாண்டி வந்திருக்கிறேன், கால் மட்டுமா?"

டீச்சர் பாவம், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். செயலாளர் ஓடி வந்து சமாதானம் பேசினார். "நீங்கள் விருந்தாளி. நாளையிண்டைக்கு மதில் திறப்பு விழா. கோல் ஆருடையது எண்டு நீங்களே அண்டைக்குச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறதுதான் மதிலில வரும். உங்கட கோல் எண்டால் படத்தைத் திருப்பிக் கீறுவம், முன்னுக்கு உங்கட முகம்." ராசாவைப் பார்த்தேன். அவர் டீச்சரிடம் போய், "கோல்கீப்பருக்குக் கோபமா முகம் வையுங்கோ, பிள்ளை. என்னைப் பார்த்துக் கத்துற மாதிரி" என்றார்.

நான் வந்த மூன்றாம் நாள், மறுநாள் விழாச் சாப்பாட்டுக்குத் தயிர் வாங்க ராசா கிண்ணியாவுக்குக் கிளம்பினார். எருமைத் தயிர், சட்டியோடு விற்பார்கள். "நீரும் வாரும்" என்றார். இரண்டே நாளில் நீங்கள் போய் நீர் வந்துவிட்டது. நாகர்கோவில் பக்கமும் நாங்கள் இப்படித்தான் பேசுவோம், அதனால் எனக்குப் பிடித்திருந்தது.

பஸ்ஸில் ஏறியதிலிருந்து சண்டைதான். நான் சொல்ல, அவர் மறுக்க, முன் சீட்டு, பின் சீட்டு எல்லாம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டன. நான் எழுந்து நின்று இடது காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தபோது கண்டக்டர், "ஐயாமார், கிண்ணியா போய்க் கனநேரம். இது மூதூர்" என்றார். இறங்கி, வெயிலில் நின்று, திரும்பி வருகிற பஸ்ஸைப் பிடித்துக் கிண்ணியாவில் இறங்கினோம். கடைக்காரர் ஒரு சட்டியைத் திறந்து பாணி என்கிற வெல்லப்பாகை ஊற்றித் தந்தார். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது போலிருந்தது அந்தத் தயிர். ஊருக்குப் போய் மேரியிடம் நம் தயிரைப் பற்றிக் குறை சொல்ல ஒரு விஷயம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

திரும்பும்போது பஸ் பாலத்தின் மேல் ஏறியது. நீளமான பாலம், இரண்டு பக்கமும் தண்ணீர். ராசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மடியில் தயிர்ச்சட்டி.

"முந்தி இதில பாலம் இல்லை. பாதைதான்" என்றார். வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவைக்கு அங்கே பாதை என்றுதான் பெயர். "எங்கட கோல்கீப்பர் லத்தீப் இந்தப் பக்கத்துப் பொடியன். ஒவ்வொரு மட்ச்சுக்கும் பாதையில வருவான். நானும் அவனும் ஒண்டாத்தான் திரிவம். அண்டைக்குச் சேம்சைட் போட்டிட்டு நான் மணலுக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கொண்டு கிடந்தனான். எழும்பிப் பார்த்தால் அவன் பந்தை எடுக்கப் போயிட்டான். மட்ச் முடியச் சாப்பிடவும் வரேல்லை. கடைசிப் பாதையைப் பிடிக்கவேணும் எண்டு போயிட்டானாம். எனக்குத் தெரியாதோ? கோபம்."

"போய்ப் பார்க்கலையா?"

"வெட்கம். அடுத்த ஞாயிறு போவம், அடுத்த ஞாயிறு போவம் எண்டு தள்ளினனான். அதுக்கிடையில கடலுக்குப் போனவன் வரேல்லை. வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது." சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அதுதான் ஐசே, அந்தக் கோல் எனக்கு வேணும். கடைக்கு ஆர் புதுசா வந்தாலும் பலகையைப் பார்த்துக் கேப்பினம், கோல்கீப்பர் ஆர் எண்டு. அப்ப நான் லத்தீப் எண்டு சொல்லுவன். கோல் உம்முடையது எண்டு ஆனால், அவன்ர பேரை ஆர் கேக்கப் போகினம்? அவன் என்னோட கோவிச்சுக்கொண்டுதான் போனவன். எண்டாலும் என்ர கூட்டாளி."

வாழ்க்கையில் வாயைத் திறக்காமல் நான் செய்த பஸ் பயணம் அது ஒன்றுதான்.

ஏனென்றால் எனக்கு அந்த முகம் ஞாபகம் வந்துவிட்டது. பந்து வலைக்குள் போனதும் கையைத் தூக்கிக்கொண்டு நான் பார்த்தது கோல்கீப்பரைத்தான். தோற்றவன் முகத்தைப் பார்ப்பதுதானே கோல் போட்டவனுக்கு ருசி. அந்த ஆள் சிரித்துக்கொண்டிருந்தான். புன்னகை இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தான். பந்தை எடுத்துக்கொண்டு திரும்பும்போது என்னிடம் ஏதோ சொல்லிவிட்டு வேறு போனான். என் கோலை மதிக்காத கிறுக்கன் என்று அப்போது எரிச்சல்பட்டேன். ஊரில் கதை சொல்லும்போது அந்த இடத்தைத் தாண்டிவிடுவேன், அது கதைக்கு அழகாக இல்லை.

பாலத்தின் மேல்தான் எனக்குப் புரிந்தது. எதிராளி அடித்த கோலுக்கு எந்தக் கோல்கீப்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்? கூட்டாளி போட்ட சேம்சைடுக்குத்தான் அப்படிச் சிரிப்பு வரும். நான் இதைச் சொன்னால் ராசாவின் நெஞ்சில் இருக்கிற பாரம் இறங்கும். கூடவே என் கோலும் போகும். எனக்கு இருந்தது ஒரே ஒரு கோல். சொல்லிவிடு என்று ஒரு மனசு, நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு மனசு. இறங்கும்வரை தயிர்ச்சட்டியையே பார்த்துக்கொண்டு வந்தேன். லிங்கநகரில் எனக்குப் பிடித்துத் தந்திருந்த அறையில் போய்ப் படுத்தவனுக்கு மேரியிடமிருந்து போன். "உங்க மூஞ்சை வரைஞ்சாச்சா?" என்று கேட்டாள். "நாளைக்குத் தெரியும்" என்றேன்.

விழா அன்று காலையிலேயே மைதானத்துக்குப் போய்விட்டேன். ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார்கள். கோல் ஏரியாவில் இரண்டு மான்கள் நின்றன. ராசா எனக்கு முன்னாலேயே வந்து மதிலடியில் நின்றார். றிஸ்வானா டீச்சர் கோல்கீப்பர் முகத்தை முடித்திருந்தார். பழைய டீம் போட்டோவைப் பார்த்து வரைந்த நல்ல சாடை. புருவம் நெரிந்து, வாய் கோணி, கத்துகிற முகம். பார்க்கவே பயமாக இருந்தது.

"இப்பிடித்தான்" என்றார் ராசா. "இந்த முகத்தோடதான் போயிருப்பான்."

செயலாளர் கையில் மைக்கோடு வந்தார். "அப்ப சொல்லுங்கோ ஐயா. கீழ என்ன எழுதுறது? ஆரின்ர கோல்?"

நாலு நாளாகப் பேசாத பேச்சில்லை, இப்போது மதிலில் இருந்த என் காலைப் பார்த்தேன். ராசா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை அடி வாங்கினாலும் தாங்குகிற மாதிரி தோளை விறைத்து வைத்திருந்தார் மனுஷன்.

"முதல்ல அந்த முகத்தை அழிங்க, டீச்சர்" என்றேன். "தப்பு."

"என்ன பிழை, சேர்?"

"அந்த ஆள் கத்தலை. சிரிச்சான்."

ராசா நிமிர்ந்தார். "என்ன சொல்லுறீர்?"

"நீர் மணல்ல குப்புறக் கிடந்தீர், உமக்குத் தெரியாது. நான் நேரா நின்னு பார்த்தேன். வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிச்சான். பந்தை எடுத்துக்கிட்டுத் திரும்பும்போது என்கிட்ட வந்து சொன்னான். 'பாத்தீங்களா, எங்கட ராசா அடிச்சா எந்தக் கீப்பருக்கும் பிடிக்க ஏலாது'ன்னு. தோத்த எரிச்சல்ல ஏதோ பினாத்துறான்னு நான் நினைச்சேன்."

ஒலிபெருக்கிக்காரன்கூட வேலையை நிறுத்திவிட்டான். ராசா மதிலில் கையை ஊன்றிக்கொண்டார். ஈரப் பெயின்ட் உள்ளங்கையில் ஒட்டியது, அவருக்குத் தெரியவில்லை.

"திருப்பிச் சொல்லும்."

திருப்பிச் சொன்னேன்.

"எங்கட ராசா எண்டவனோ?"

"எங்கட ராசான்னுதான் சொன்னான்."

அவர் சத்தமாக அழுதார். அறுபது தாண்டிய மனுஷர், தொந்தியும் வழுக்கையுமாக, இத்தனை பேர் முன்னால். எனக்கும் கண்ணை மறைத்தது. செயலாளர் தயங்கித் தயங்கி மைக்கை இறக்கினார். "அப்ப, ஐயா, கோல்..."

"இதுக்கு மேலே என்ன கேள்வி? ராசாவோட கோல். கீழே கோல்கீப்பர் பேரையும் எழுதுங்க, பெரிசா. அந்தக் காலை அப்படியே விடுங்க, நல்லாத்தான் இருக்கு."

டீச்சர் துணியை நனைத்து அந்தக் கோபமான வாயைத் துடைத்துவிட்டு, புதுசாகத் தூரிகையை எடுத்தார். என்னிடம் திரும்பினார். "சிரிக்கேக்க பல்லுத் தெரிஞ்சதோ, சேர்?"

நான் பதில் சொல்வதற்குள் ராசா முந்திக்கொண்டார். "எல்லாப் பல்லும் தெரியும், பிள்ளை. அவன் சிரிச்சா எல்லாப் பல்லும் தெரியும்." மூக்கைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு மதிலுக்கு இன்னும் கிட்டே போனார். "முன்பல்லு ரெண்டுக்கும் நடுவில ஒரு இடைவெளி இருக்கும். நான் மறந்தே போனன். அதையும் கீறுங்கோ."